மெத்தைக்கு வெளியே

“அப்படி இல்ல அத்தை. முதல்ல இடுப்ப விடணும்.”

“இடுப்ப எங்க விடறது? அது என்ன பட்டமா, நூல விட்டா பறக்கறதுக்கு?”

“கைய ஊனாதீங்கன்னு சொல்றேன். வயசானவங்க விழும்போது கை ஊன்ற அளவுக்கெல்லாம் நேரம் இருக்காது.”

“அப்ப நான் யாரு? நேத்து வயசுக்கு வந்தவளா? நான் எப்படி விழறேனோ அதுதான் வயசானவ விழறது. எழுதிக்கோ.”

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடத்தின் நடுவே விரித்த தடித்த மெத்தையில் மாமியார் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சோபா சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது. வெளியே நாள்கணக்காக விடாத மழை. ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் காயாத துணிகள் தொங்க, வீடு முழுக்க ஈர வாடை. மேல்சுவர் மூலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒட்டியிருந்த வெள்ளைக் கண் ஒன்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கண்தான் அவளுடைய வேலை. வீட்டில் தனியாக இருக்கும் வயசானவர்கள் விழுந்தால் கண்டுபிடித்து, பிள்ளைகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் தகவல் சொல்லும் கருவி அது. விழுவது எது, குனிவது எது, சும்மா படுப்பது எது என்று அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். விழுகிறவர்களைப் படம்பிடித்து, ஒவ்வொரு படத்திலும் தோளில் ஒரு புள்ளி, இடுப்பில் ஒரு புள்ளி, முட்டியில் ஒரு புள்ளி என்று வைத்து, இது விழுந்தது, இது விழவில்லை என்று சொல்லிச் சொல்லி ஊட்ட வேண்டும். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வேலைதான். என்ன, இந்தக் குழந்தை துப்பாது. தப்பாகக் கொடுத்ததையும் சமர்த்தாக விழுங்கிவிடும்.

முதலில் அலுவலகத்தில் மெத்தை போட்டுக் குழுவில் இருந்தவர்களே விழுந்தார்கள். எல்லாம் இளசுகள். கோல்கீப்பர் மாதிரிப் பாய்ந்து விழுந்து, துள்ளி எழுந்து, தலைமுடியைக் கோதிக்கொண்டார்கள். கண் அதையெல்லாம் நன்றாகப் படித்துக்கொண்டது. பிறகு அதை ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் மாட்டினார்கள். அங்கே ஒரு பெரியவர் நாற்காலியிலிருந்து ஈரத்துணி நழுவுவதுபோல் சரிந்து தரையில் கிடந்தார். கண் பார்த்துவிட்டு, ‘படுத்திருக்கிறார்’ என்றது.

“நமக்கு வயசான உடம்பு வேணும்” என்றார் மேலாளர் அன்றைய கூட்டத்தில். மேலாளருக்குக் குழு வைத்திருந்த பெயர் இஸ்திரி. உடையில் மடிப்பு கலையாது, பேச்சிலும் கலையாது. சூடாக ஒருமுறை மேலே ஓடினால் எதிரில் இருப்பவர் தட்டையாகிவிடுவார்.



“எங்க வீட்ல ஒண்ணு இருக்கு மேடம்” என்றாள் அவள். ஏணி வேண்டும் என்று கேட்டவரிடம் ஏணி இருக்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் இஸ்திரி முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்திருந்தார்.

அந்தப் பார்வைக்காக அவள் ஏங்கிக் கிடந்தது கொஞ்சநஞ்சமல்ல. அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். கேட்க மரியாதையாக இருக்கும். உள்ளே இறங்கிப் பார்த்தால் வேறு. அக்கா என்றால் சந்தேகம் கேட்கலாம், பிஸ்கட் வாங்கித் தின்னலாம், லீவு நாளில் வேலையைத் தள்ளிவிடலாம். அக்காவைத் தலைமைக்கு வைக்க யாருக்கும் தோன்றாது. மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வேலையை விட்டவள் அவள். வருஷங்கள் போய் அவரும் போன பிறகு திரும்பி வந்தாள். வந்து பார்த்தால், அவளிடம் வேலை பழகிய பையன்கள் எல்லாம் மேலே போயிருந்தார்கள். அவள் மறுபடியும் அடியிலிருந்து புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

ஒரு தடவை, கூட்டம் நடக்கும்போது வீட்டில் குழாய் வெடித்து அத்தையிடமிருந்து போன் வந்தது. எடுத்துப் பேசினாள், அவ்வளவுதான். “வீடு உங்கள விடமாட்டேங்குது போல” என்று இஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வருஷம் பதவி உயர்வு அவளைத் தாண்டிப் போனது. அதன்பின் கூட்டத்தில் இருக்கும்போது அவள் வீட்டுப் போனை எடுத்ததே கிடையாது. இப்போது குழுவுக்குத் தலைமையாக இருந்த லீட் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறார். இடம் காலியாகிறது.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

“விழணுமா? எதுக்கு?”

“நீங்க விழுந்தா மெஷின் கத்துக்கும் அத்தை.”

“இத்தன வருஷம் நடந்தேன், ஓடினேன், வேலைக்குப் போனேன், சமைச்சேன். ஒண்ணையும் ஒருத்தரும் கத்துக்கல. விழறத மட்டும் கத்துக்க ஆள் வருது பாரு.”

“மெத்தைலதான். அடிபடாது.”

“உனக்கு இதுல என்ன கிடைக்கும்?”

“லீட் ஆக்குவாங்கன்னு நினைக்கிறேன்.”

“அப்படின்னா? நாற்காலி உயரமா இருக்குமா?”

“இப்பல்லாம் எல்லாருக்கும் ஒரே நாற்காலிதான் அத்தை.”

“அதெல்லாம் சும்மா. எங்கயாவது ஒண்ணு உயரமா இருக்கும். உன் கண்ணுல பட்டிருக்காது.”

அத்தைக்கு அது தெரியும். அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தவர் அவர். காதில் மாட்டிக்கொண்டு, பலகையில் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தி, ஊர் முழுக்கப் பேச வைத்தவர். பெண்கள் வரிசையாகக் கீழே உட்கார்ந்திருக்க, ஒரு மேடையில் கண்காணிப்பாளர் நாற்காலி இருந்தது. அதில் உட்கார அத்தைக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. அத்தையிடமே வேலை பழகிய ஓர் ஆள் வந்து உட்கார்ந்தான். “பொம்பள மேல உக்காந்தா கீழ இருக்கற பொம்பளைங்க மதிக்க மாட்டாங்களாம். சொன்னவன் எவன்னு நினைக்கற? என்கிட்ட ஒயர் குத்தக் கத்துக்கிட்டவன்தான்.” இதை அத்தை எத்தனை தடவை சொன்னாலும் ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கோபம் வரும். பிறகு தானாக இணைப்புக் கொடுக்கும் இயந்திரம் வந்தது. பலகையும் போயிற்று, மேடையும் போயிற்று. அந்தக் கோபம் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது.

அத்தை உரித்த முட்டையை அவள் தட்டில் வைத்தார். “சரி, மெத்தையப் போடு. நான் விழறேன். நீ ஏறு.”

கணவன் வெளியூரில் பாலம் கட்டும் இடத்தில் வேலை பார்த்தான். வாரக் கடைசியில் வந்தபோது கூடத்தைப் பார்த்து, “என்ன, வீட்ல சர்க்கஸ் கூடாரம் போட்டிருக்கீங்க?” என்றான்.

“ஆமாண்டா, நான்தான் கோமாளி. டிக்கெட் எடுத்துட்டு உள்ள வா” என்றார் அத்தை.

“அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா?” என்று தனியாகக் கேட்டான் மனைவியிடம்.

“அதுக்குத்தானேங்க இந்தக் கருவியே.”

அவன் மெத்தையைக் காலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனான்.

அத்தை நன்றாகத் தேறிவிட்டார். சோபாவிலிருந்து சரிவது, குனிந்து நிமிரும்போது மயங்குவது, பக்கவாட்டில் மடிவது என்று வகைவகையாக விழுந்தார். அவள் அலுவலகம் போன பிறகு, பகலில் தனியாகவும் ஒத்திகை பார்த்தார். அப்போதெல்லாம் அவள் போன் அதிரும். திரையில் கூடம் தெரியும். கீழே ‘விழுந்தாரா?’ என்று ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு பொத்தான்கள். சிவப்பில் ‘உண்மை’, சாம்பலில் ‘ஒத்திகை’. எதையும் தொடாமல் ஒரு நிமிஷம் விட்டால், கருவி தானாகவே உண்மை என்று எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடும். ஒத்திகை என்று அமுக்கினால், அந்த ஆள் எழுந்து மறுபடி விழும்வரை, தரையில் கிடப்பதைப் பற்றி வாய் திறக்காது. வேலை செய்கிறவர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று அப்படி எழுதி வைத்தவளே அவள்தான்.

ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் அத்தை படுத்தவாறே மேலே கண்ணைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். ‘முடிஞ்சுது, அமுக்கிக்கோ’ என்று அர்த்தம். இது அவர்கள் இருவருக்குள் ஏற்பட்ட ஏற்பாடு. அலுவலகத்தில் அது பெரிய வேடிக்கையாகிவிட்டது.

“அக்கா, உங்க ஸ்டண்ட் மாஸ்டர் விழுந்துட்டாங்களா இன்னிக்கு?”

“ரெண்டு ஷோ முடிஞ்சுது.”

“ஆட்டோகிராப் வாங்கிக் குடுங்கக்கா!”

அத்தையிடம் வந்து சொன்னால் அவருக்கு வாயெல்லாம் பல். “ஸ்டண்ட் மாஸ்டரா? சம்பளம் என்னன்னு கேளு.” ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சூப் ஊற்றும்போது, “இன்னிக்கு மூணாவது விழுந்தேனே, அது எப்படி?” என்று கேட்பார். “அற்புதம் அத்தை” என்பாள். கண் முன்னேறிக்கொண்டிருந்தது. முதியோர் இல்லத்தில் மறுபடி மாட்டிப் பார்த்தார்கள். சரிந்தவர்களையெல்லாம் சரியாகச் சொன்னது. ஒரு பெரிய மருத்துவமனைக் கூட்டமைப்பு விலைக்கு வாங்க வருவதாகச் சொன்னது. அவர்கள் முன்னால் யார் விளக்கிச் சொல்வது என்று பேச்சு வந்தபோது, இஸ்திரி தலையை நிமிர்த்தாமல், “அவங்க” என்று பேனாவால் அவளைக் காட்டினார்.

வாங்குகிறவர்கள் வரும் நாளன்று காலை மழை விட்டிருந்தது. நெடுநாளைக்குப் பிறகு வெயில், கூடத்துத் தரையில் சதுரமாக விழுந்தது.

“இன்னிக்கு ஒத்திகை வேண்டாம் அத்தை. ரெஸ்ட் எடுங்க.”

“பாக்கலாம். நீ போ. மேல ஏறும்போது கீழ பாக்காத, தலை சுத்தும்.” அவள் சட்டைக் காலரை அத்தை சரிசெய்துவிட்டார். ஓடிப்போய் ரொட்டித் துண்டு ஒன்றில் வெண்ணெய் தடவி வாயில் திணித்தார். “பேசும்போது வாய் வறண்டா தண்ணி குடி. திணறாத.”

கூட்ட அறையில் வாங்க வந்தவர்கள் ஒருபக்கம், அலுவலக ஆட்கள் ஒருபக்கம். அவள் நின்றாள். அவளுடைய போன் பெரிய திரையோடு இணைக்கப்பட்டிருந்தது.   புள்ளி வைக்கிற வேலையை, முதியோர் இல்லத்து வராந்தாவை, தனியாக விழுந்து கிடப்பவர்களின் பயத்தைச் சொன்னாள். தன் குரல் அவ்வளவு கனமாக வருமென்று அவளுக்கே தெரியாது. “இனிமே எந்த அம்மாவும் தரையில தனியா கிடக்க மாட்டாங்க” என்று சொன்னபோது எதிரே ஒரு வெள்ளைத்தலை மெதுவாக அசைந்தது.

அப்போது போன் அதிர்ந்தது. பெரிய திரையில் அவள் வீட்டுக் கூடம் விரிந்தது. அத்தை தரையில் பக்கவாட்டில் கிடந்தார். ‘விழுந்தாரா?’

ஒரு கணம் எல்லோரும் விறைத்துப் போனார்கள். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

“பயப்படாதீங்க. இவங்க எங்க அத்தை. எங்க குழுவோட ஸ்டண்ட் மாஸ்டர். நான் வேண்டாம்னு சொல்லியும் ஒத்திகை பாக்கறாங்க. ஆனா பாருங்க, விழுந்த மறுகணமே சொல்லிடுச்சு!”

அறை கலகலத்தது. திரையில் அத்தை மெல்ல ஒரு கையைத் தூக்கினார்.

“பாருங்க, கையத் தூக்கிக் காட்றாங்க. முடிஞ்சுதுன்னு அர்த்தம்.”

கைதட்டினார்கள். வெள்ளைத்தலை விழுந்து விழுந்து சிரித்தார். அவள் எல்லோரும் பார்க்க, பெரிய திரையில், சாம்பல் பொத்தானை அமுக்கினாள்.

பார்த்தாளா என்று கேட்டால், பார்த்தாள். பொத்தானில் விரல் இருக்கும்போதே பார்த்தாள். ஜன்னலோரம், வெயிலில், மெத்தை சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தது. ஈரம் காயட்டும் என்று அத்தை நிறுத்தியிருக்கிறார். அவர் கிடந்தது வெறும் தரை. கயிற்றுத் துணிகளிலிருந்து சொட்டிய தண்ணீர் அவருக்குப் பக்கத்தில் மினுங்கியது. திரை மறுபடி அவள் காட்டிக்கொண்டிருந்த வரைபடத்துக்கு மாறியது.

ஒருவேளை மெத்தை இல்லாமலே பழகிப் பார்க்கிறாரோ என்னவோ, என்று நினைத்தாள். அத்தை அப்படிப்பட்டவர்தான். எதிரே ஒருவர் கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. அவளுக்குப் பதில் தெரிந்த கேள்வி. வெளியே போய் வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டும், அவ்வளவுதான். கதவு பக்கத்திலேயே இருந்தது. மேசையின் கோடியில் இஸ்திரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு உங்கள விடமாட்டேங்குது போல. அவள் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பதில் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் சொன்னாள். அதற்கடுத்ததற்கும்.

கூட்டம் முடிந்து வாங்குகிறோம் என்று கைகுலுக்கினார்கள். கேக் வந்தது. இஸ்திரி எழுந்து, புது லீட் யாரென்று சொன்னார். “அக்கா! அக்கா!” என்று மேசையைத் தட்டினார்கள். நடுவில் ஒருமுறை கழிப்பறைக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை குளிக்கிறாராக இருக்கும். போனைத் திறந்து கூடத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது அத்தை சமையலறை வாசல் வரை நகர்ந்து வந்து, நிலைக்காலைப் பிடித்தபடி கிடந்தார். தரையில் அவர் வந்த வழி ஈரமாக ஒரு கோடு போட்டிருந்தது. உடுப்பெல்லாம் நனைந்து மூத்திர வாடை. ஒரு கால் வெளிப்பக்கம் திரும்பி, வேறு யாருடைய காலோ என்று இருந்தது. முகத்தில் அழுத கறை காய்ந்திருந்தது.

“மீட்டிங் முடிஞ்சுதா?” என்று கேட்டார் அத்தை.

அவள் மண்டியிட்டு அவர் தலையை மடியில் எடுத்து வைக்கப் போனாள்.

“தொடாத” என்றார். “தொட்டா உயிர் போகுது. ஆளக் கூப்பிடு.”

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ரொம்ப நேரம் தரையில் கிடந்ததால் சிறுநீரகத்துக்கும் சிரமம் என்றார்கள். எலும்பில் கம்பி வைத்தார்கள். இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னார். கணவன் சிமெண்டுக் கறை படிந்த பூட்ஸோடு வந்து நின்று கேட்டுக்கொண்டான். பிறகு அறைக்குள் வந்து, கட்டிலின் இந்தப் பக்கம் அம்மா கையைப் பிடித்தபடி, அந்தப் பக்கம் நின்ற மனைவியைக் கேட்டான்.

“அந்தக் கருவி ஏன் கூப்பிடல?”

அத்தை கண்ணை மூடியிருந்தார்.

“தெரியலங்க. தவறிடுச்சு. இன்னும் முழுசா கத்துக்கல அது.”

“கத்துக்கலியா? எங்க அம்மாவ ஒரு மாசமா உருட்டி விட்டீங்களே, அப்பவும் கத்துக்கலியா? எதுக்குடி அப்ப அந்தச் சனியன் என் வீட்ல?”

“ஏங்க, மெதுவா. அத்தை தூங்கறாங்க.”

“தவறிடுச்சாம்! நீ செஞ்சதுதானே. உன்னமாதிரிதான் இருக்கும்.”

அவன் அப்படி அதுவரை பேசியதில்லை. அவள் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். அத்தையின் மூடிய இமைக்குள் கருவிழி நகர்ந்ததை அவள் பார்த்தாள். தூங்குகிறவர்களுக்கும் நகரும்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் இஸ்திரி ஆஸ்பத்திரிக்கே வந்தார். அறைக்குள் வரவில்லை. கீழே கேன்டீனில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு டீ சொன்னார்.

“கருவி தவறிடுச்சுன்னு வீட்ல சொல்லியிருக்கீங்களாமே?”

“உங்களுக்கு யார் சொன்னா மேடம்?”

“உங்க வீட்டுக்காரர். ஆபீஸ்க்கு போன் பண்ணி கத்தினார். வழக்குப் போடுவேன்னார்.” டீயின் ஆடையை ஸ்பூனால் ஒதுக்கினார். “கருவி தவறல. எல்லார் முன்னாடியும் நீங்க அமுக்கினீங்க. அது பதிவாகி இருக்கு.”

அவள் தலைகுனிந்தாள். “மெத்தை நின்னுக்கிட்டு இருந்தத நான் பாத்தேன் மேடம்.” முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் அழுகை வந்தது.

“நானும்தான் பாத்தேன்.”

அவள் நிமிர்ந்தாள்.

“பெரிய திரையாச்சே, எப்படித் தெரியாம போகும்? நீங்க சொல்வீங்களா, ஓடுவீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க தண்ணி குடிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போனீங்க. அப்பதான் முடிவு பண்ணேன், லீட் நீங்கதான்னு.” இஸ்திரியின் குரலில் கிண்டல் இல்லை. பாராட்டுவது போலத்தான் இருந்தது. “எனக்குக் கரு கலைஞ்ச மறுநாள் நான் ஒரு டெமோ குடுத்தேன். உள்ள ரத்தம் போய்க்கிட்டே இருந்துச்சு. நின்னுக்கிட்டே பேசினேன், நாற்காலி கறையாயிடும்னு. ஒருத்தருக்கும் தெரியாது. இந்த இடத்துக்கு வர்றவங்க எல்லாரும் எதையாவது பாத்துட்டுப் பாக்காத மாதிரி வந்தவங்கதான்.”

“எங்க அத்தை நடக்க மாட்டாங்க மேடம்.”

“தெரியும். அதனாலதான் வந்தேன். அந்தப் பதிவு வேணும். வயசான உடம்பு, நெசமான விழுகை, அதுக்கப்புறம் தரையில நகர்றது, எழப் பாக்கறது, கூப்பிடறது. இப்படி முழுசா உலகத்துல யார்கிட்டயும் இல்ல. இத ஊட்டினா கண்ணு இனிமே ஒருத்தரையும் விடாது. உங்க அத்தை கிடந்தது வீணாப் போகாது.” எழுந்து பையை மாட்டிக்கொண்டார். “அவங்க வாயால, ‘என் படத்தப் பயன்படுத்திக்கலாம், எனக்கு யார் மேலயும் புகார் இல்ல’ன்னு ஒரு வரி. போன்ல பதிஞ்சு அனுப்புங்க. அது வந்தா நீங்க லீடாவே இருப்பீங்க. அமுக்கினது யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. வரலேன்னா, உங்க வீட்டுக்காரர் வழக்குக்கு ஆபீஸ் பதில் சொல்லியாகணும். பதில் உங்க விரல்ல இருக்கு.”

டீ அப்படியே ஆறிப்போயிருந்தது. அவள் அதை எடுத்து முழுவதும் குடித்தாள்.

அறைக்கு வந்தபோது கணவன் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி முடித்திருந்தான். “வெந்நி வாங்கிட்டு வரேன், பாத்துக்கோ” என்று அவளைப் பார்க்காமலே சொல்லிவிட்டு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அத்தை தலையணையில் சாய்ந்து, கடைவாயில் ஒட்டிய கஞ்சியை நாக்கால் தேடிக்கொண்டிருந்தார். அவள் துணியால் துடைத்துவிட்டாள். இந்த முறை தொடாதே என்று சொல்லவில்லை.

“மேல ஏறிட்டியா?” என்றார் அத்தை.

“ம்.”

“எப்படி இருக்கு?”

அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று படிக்கட்டு முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். யோசித்தது ஒன்றும் வரவில்லை.

“அத்தை, அன்னிக்கு நீங்க விழுந்தது பதிவாகி இருக்கு. அத வச்சு கண்ண இன்னும் நல்லா ஆக்கலாம்னு சொல்றாங்க. உங்க மாதிரி எத்தனையோ பேருக்கு…”

“சுத்தி வளைக்காத. எக்ஸ்சேஞ்சுல அறுத்துடுவோம் இப்படிப் பேசறவங்க லைன.”

“நீங்க சம்மதம்னு சொல்லணும். யார் மேலயும் புகார் இல்லன்னும்.”

“யார் மேல புகார் இருக்கப் போகுது? கருவிதானே தவறிடுச்சு?”

அவள் கஞ்சி துடைத்த துணியை நான்காக மடித்தாள்.

“நீ அவன்கிட்ட சொல்லும்போது நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒத்திகைன்னு அமுக்கினா அது வாய மூடிக்கும்னு எனக்குத் தெரியாதா? நீதானே சொல்லிக் குடுத்த. ஒரு நிமிஷம் யாரும் தொடலேன்னா ஆள் வரும்னும் நீதான் சொன்ன. கடிகாரம் எதிர்ல இருந்துச்சு. ஒரு நிமிஷம் ஆச்சு. சரி, இன்னொண்ணு பாப்போம்னு பாத்தேன். அப்புறம் புரிஞ்சு போச்சு, நீ தொட்டுட்டேன்னு.” அத்தையின் குரல் உயரவில்லை. பழைய சங்கதி ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார். “இதுல எனக்கு என்ன ஆச்சரியம்னா, முதல்ல எனக்கு உன் மேல கோபம் வரல. நல்லாப் பேசிக்கிட்டு இருக்கா போல, நடுவுல நான் வேறன்னு நெனச்சேன். வலி ஏற ஏறத்தான் உன்னத் திட்டினேன். கெட்ட வார்த்தையெல்லாம் திட்டினேன். எனக்கு அவ்வளவு தெரியும்னு எனக்கே தெரியாது.”

“அத்தை…”

“அழாத. அழுதா காரியம் கெட்டுடும். போன எடு. சம்மதம் சொல்றேன்.”

அவள் நம்ப முடியாமல் பார்த்தாள். கை தானாகப் போனை எடுத்தது. பதிவுப் பொத்தானைத் தேடியது. தன் கையின் அந்த வேகம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

“நீ ஏறணும்னுதான் நான் விழுந்தேன். அதுல மாத்தம் இல்ல” என்றார் அத்தை. “சொல்றேன், எப்படிச் சொல்லணுமோ அப்படியே சொல்றேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு செய்யணும்.”

“சொல்லுங்க அத்தை. என்ன வேணும்னாலும் செய்யறேன்.”

“அந்தப் படத்த இங்க போடு. முதல்லேர்ந்து. நீ கதவத் திறக்கற வரைக்கும், ஒரு இடம் விடாம. சத்தத்தோட. நான் என்னென்ன சொன்னேன்னு பாதி நெனவில்ல எனக்கு. மூணு பேரும் உக்காந்து பாக்கலாம்.”

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கணவன் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மா முகத்தையும் மனைவி கையில் வெளிச்சமாக இருந்த போனையும் மாறிமாறிப் பார்த்தான்.

“என்ன பாக்கறீங்க?”

அத்தை தலையணையில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

“போடும்மா” என்றார்.